விண்ணப்பப் படிவத்தில் முதலாவது வரி

மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் படிப்பை முடித்து ஊருக்குத் திரும்பிய பின்னர், நண்பர்கள் இருவருடன் சேர்ந்து, யாழ்ப்பாணத்துத் தீவகத்தின் உயர்தர மாணவர்களுக்கு வேலணையில் ஞாயிற்றுக்கிழமைகளில் இணைந்த கணிதமும் பௌதிகவியலும் கட்டணமின்றிக் கற்பித்து வந்தேன். நகரத்துப் பிள்ளை பாடசாலை விட்டதும் சைக்கிளில் ரியூசனுக்குப் போய்விடும். நெடுந்தீவுப் பிள்ளை படகில் குறிகட்டுவான் இறங்குதுறையில் வந்து இறங்குவதே அன்றைய கடலைப் பொறுத்தது.

நெடுந்தீவிலிருந்து வந்து சின்னம்மா வீட்டில் தங்கிப் படித்த மாணவி ஒருத்தியைப் பற்றியே எழுத விரும்புகிறேன். அவள் படித்த பாடசாலையில் பௌதிகவியல் ஆசிரியர் இடமாற்றம் பெற்றுச் சென்று இரண்டு தவணைகளாகியும் வேறொருவர் வரவில்லை. முதல் தடவை, பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கப்படும் இசட் புள்ளி போதவில்லை. கடந்தகால வினாத்தாள்களைத் திரும்பத் திரும்பச் செய்து, இரண்டாம் தடவை நல்ல பெறுபேறு பெற்றாள். எங்கள் வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

பல்கலைக்கழக விண்ணப்பத்தை அவள் நிரப்பிக் காட்டியபோதுதான் திடுக்கிட்டேன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பௌதிக விஞ்ஞானத்தை முதலாவதாகவும், பொறியியலைக் கீழேயும் எழுதியிருந்தாள். மேலே எழுதியது கிடைக்காவிட்டால் மற்றவையும் போய்விடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். உண்மையில், விருப்ப வரிசையில் மேலிருந்து கீழே பார்த்து, புள்ளி எட்டுகின்ற முதலாவது கற்கைநெறியையே தருவார்கள். மேலே எழுதியது தவறினாலும் கீழேயுள்ளவற்றுக்கு ஒரு பாதிப்பும் இல்லை. மாவட்டக் கோட்டா என்றால் சொந்த மாவட்டத்துப் பல்கலைக்கழகத்துக்கு மட்டுமே போகலாம் என்றும் வீட்டில் நம்பியிருந்தார்கள். 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டச் சனத்தொகை, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்கள் என்ற பங்கீடு, எந்த மாவட்டத்துப் பிள்ளைக்கு எத்தனை இடம் என்பதைத்தான் சொல்கிறது. எங்கே படிக்க வேண்டும் என்று சொல்லவில்லை. இதை இரண்டு வருடங்களில் ஒரு நாளாவது நான் வகுப்பில் சொல்லியிருக்கலாம்.

பொறியியலை மேலே ஏற்றி, பேராதனைப் பல்கலைக்கழகத்தை முதலாவதாக எழுதலாம் என்றதும் தாயார் கேட்டார்: "கிளிநொச்சியிலையும் பொறியியல் பீடம் இருக்குத்தானே தம்பி, ஏன் அவ்வளவு தூரம் விடவேணும்?" நியாயமான கேள்வி. தூரத்துப் பல்கலைக்கழகமே பெரிது என்ற எனது எண்ணத்தைத் தவிர என்னிடம் சொல்வதற்குப் பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை. "நான் போறன் அம்மா" என்று அவள்தான் முடித்துவைத்தாள். மகாபொல உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் முறையை மட்டும் நான் விளக்கினேன்.

முதல் மாதத்திலேயே தொலைபேசியில் அழுதாள். பதின்மூன்று ஆண்டுகள் தமிழில் கற்ற பிள்ளைக்கு ஆங்கில விரிவுரைகள் பிடிபடவில்லை. "கணக்கு விளங்குது சேர், அவை சொல்லுறதுதான் விளங்கேல்லை" என்றாள். எனக்கும் மொறட்டுவையில் அப்படித்தான் இருந்தது; எப்படியோ அதை மறந்துபோயிருந்தேன்.

உயர்தரப் பரீட்சை முடிந்து பல்கலைக்கழகம் தொடங்கும்வரை பிள்ளைகள் பல மாதங்கள் வீட்டில் காத்திருக்கிறார்கள். இப்போது அந்த மாதங்களிலும் ஞாயிறு வகுப்பு நடக்கிறது. செய்து முடித்த அதே பௌதிகவியல் கணக்குகளையே, பிள்ளைகள் எழுந்து நின்று ஆங்கிலத்தில் விளக்க வேண்டும். நெடுந்தீவுப் பிள்ளைகள் மூவர் வருகிறார்கள், கடல் விட்டால்.