கல்யாண மண்டபத்துல அம்மா வழுக்கி விழுந்துட்டாங்க, "நிர்வாகம் பொறுப்பல்ல"னு போர்டு இருந்தா அவ்ளோதானா?

நெல்லைக்காரன்

எல்லாருக்கும் வணக்கம். அஞ்சு மாசம் முன்னாடி சித்தப்பா பொண்ணு கல்யாணம், திருநெல்வேலி பக்கத்துல ஒரு மண்டபம், பேர் வேண்டாம். ரெண்டாவது பந்தியில சாப்பிட்டு எந்திரிச்ச அம்மா கை கழுவுற இடத்துல கால் வழுக்கி அப்படியே உக்காந்த மாதிரி விழுந்துட்டாங்க. பளபளன்னு கிரானைட், அதுமேல தண்ணி, பாயசம், சோறு எல்லாம் மிதிபட்டு கிடந்துச்சு. 63 வயசு. இடுப்பெலும்பு முறிஞ்சு ஆபரேஷன், கம்பி வச்சு, பிசியோ, ஆள் வச்சு பாத்தது எல்லாம் சேத்து ரெண்டே முக்கால் லட்சம் ஆச்சு. இன்னும் வாக்கர்தான்.

மண்டபத்துக்காரர்கிட்ட போய் கேட்டா சண்டை கூட போடல, எந்திரிச்சு கூட்டிட்டு போய் வாசல்ல போர்டை காட்டுறார், "பொருட்களுக்கும் நபர்களுக்கும் ஏற்படும் எந்த சேதத்துக்கும் நிர்வாகம் பொறுப்பல்ல". கேட்டரிங்காரர கேட்டா தரை மண்டபத்தோடது, நான் சமைச்சு பரிமாறதான் வந்தேங்கறார். மண்டபத்துக்காரர் சொல்றார், தண்ணிய கொட்டுனது கேட்டரிங் பசங்கதானேன்னு. போர்டு இருந்தா நிஜமாவே கேக்க முடியாதா? இன்னொன்னு, வாடகை குடுத்தது சித்தப்பா, நாங்க வெறும் விருந்தாளி.

சும்மா_ஒருத்தன்

ப்ரோ மனச தேத்திக்கிட்டு அம்மாவ பாருங்க. நம்ம ஊர்ல சிவில் கேஸ் போட்டா பேரன் காலத்துல தீர்ப்பு வரும். டெல்லியில ஒரு அஞ்சு நட்சத்திர ஹோட்டல் நீச்சல் குளத்துல 1972ல ஒரு ஜெர்மன்காரர் டைவ் அடிச்சு தலை தரையில மோதி உடம்பு செயலிழந்து போச்சு, தீர்ப்பு வந்தது 1997ல, அதுக்குள்ள மனுஷன் செத்தே போயிட்டாரு. அந்த தீர்ப்பும் அப்பீல்ல நிக்கல. நமக்கெல்லாம் எதுக்கு.

கறுப்புக்கோட்டு

மேல சொன்ன கேஸ் உண்மைதான், ஆனா அதைக் காட்டி எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பாதீங்க தம்பி. மதுரையில வக்கீலா இருக்கேன், தெரிஞ்சத சொல்றேன்.

மொதல்ல அந்த போர்டு. தன்னோட அஜாக்கிரதைக்கு தானே ஒரு தகரத்துல மன்னிப்பு எழுதி மாட்டிக்க முடியாது. 1998ல டெல்லியில ஒருத்தர் மாருதி ஜென் காரை ஹோட்டல் வேலட்கிட்ட, அதான் வண்டிய வாங்கி பார்க் பண்ற ஆள்கிட்ட, குடுத்துட்டு உள்ள போனாரு, திரும்பி வந்தா காரை எவனோ ஓட்டிட்டு போயிட்டான். டோக்கன்ல "உரிமையாளர் ரிஸ்க்"னு அச்சடிச்சிருந்தோம்னு ஹோட்டல் வாதாடுச்சு. சுப்ரீம் கோர்ட் 2019ல அதை ஏத்துக்கல, காரை வாங்கி வச்சுக்கிட்டா பாத்துக்கணும், உங்க அலட்சியத்தை அச்சடிச்ச வரியால மறைக்க முடியாதுன்னுடுச்சு. அது பொருளை ஒப்படைச்ச கேஸ், உங்களது ஆள் விழுந்த கேஸ், அச்சா ஒண்ணு இல்ல. ஆனா டோக்கனாவது கையில குடுத்தாங்க, உங்க அம்மா அந்த போர்டை படிச்சு கையெழுத்தா போட்டாங்க?

அப்புறம் விருந்தாளி விஷயம். லா காலேஜ்ல முதல் வருஷமே எங்களுக்கு நத்தை கதை சொல்லுவாங்க. ஸ்காட்லாந்துல பெய்ஸ்லின்னு ஒரு ஊரு, 1928, டோனகுன்னு ஒரு அம்மா, கூட வந்த தோழி வாங்கிக் குடுத்த ஜிஞ்சர் பீரை பாதி குடிச்சப்புறம் மீதியை ஊத்துனா அழுகுன நத்தை வந்துச்சுன்னு கேஸ். பாட்டில் கலர் கண்ணாடி, உள்ள இருக்கறது தெரியாது. காசு குடுத்தது தோழி, அப்ப இந்த அம்மாவுக்கும் அதை தயாரிச்ச கம்பெனிக்கும் என்ன ஒப்பந்தம்? ஒண்ணும் கிடையாது. 1932ல பிரபுக்கள் சபை, அப்ப பிரிட்டன்ல அதுதான் கடைசி கோர்ட், என்ன சொல்லுச்சுன்னா, ஒப்பந்தம் இல்லாட்டி பரவால்ல, நீ கவனமில்லாம இருந்தா யாரு பாதிக்கப்படுவாங்கன்னு உனக்கே தெரியுமோ அவங்ககிட்ட உனக்கு கடமை இருக்கு. வாடகை சித்தப்பா குடுத்தாரு, வழுக்குனது உங்கம்மா. கல்யாண மண்டபத்துல ஆயிரம் பேர் கை கழுவ வருவாங்கன்னு மண்டபத்துக்காரருக்கு தெரியாதா என்ன?

எங்க போறதுன்னா, நுகர்வோர் கோர்ட். 2019 சட்டத்துல காசு குடுத்தவர் மட்டும் இல்ல, அவர் சம்மதத்தோட அந்த சேவைய அனுபவிக்கிறவரும் நுகர்வோர்தான், அதனால வாதாட நல்ல இடம் இருக்கு. ஃபீஸ் நீங்க கேக்குற நஷ்டஈட்டை வச்சு இல்ல, குடுத்த வாடகைய வச்சு, அஞ்சு லட்சம் வரைக்கும் ஃபீஸே கிடையாது. ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். சிவில் கோர்ட்ல போட்டா மூணு வருஷம் டைம் உண்டு, ஆனா கோர்ட் ஃபீ நீங்க கேக்குற தொகையில சதவீதக் கணக்கு. மண்டபம், கேட்டரிங் ரெண்டு பேரையும் சேத்துப் போடுங்க, யாரு எவ்ளோன்னு அவங்களுக்குள்ள அடிச்சுக்கட்டும்.

அவங்க ரெண்டு வாதம் வைப்பாங்க, இப்பவே சொல்லிடறேன். "பாத்து நடந்திருக்கணும்"னு ஒண்ணு, அதை கோர்ட் ஏத்துக்கிட்டா தொகையில ஒரு பங்கு குறையும், மொத்தமா போகாது. "வயசானவங்க, எலும்பு ஏற்கனவே தேஞ்சது, சின்னப் பிள்ளை விழுந்தா உடைஞ்சிருக்காது"ன்னு இன்னொண்ணு, அது செல்லாது. விழவச்சது யாரோ அவங்க, விழுந்தவரோட உடம்பு எப்படியோ அப்படியேதான் ஏத்துக்கணும்.

பந்தி_மாஸ்டர்

வக்கீல் சார் சட்டம் சொல்லிட்டாரு, நான் பந்திய சொல்றேன். பதினோரு வருஷம் கேட்டரிங்ல சூப்பர்வைசர். முதல் பந்தி முடிஞ்சதும் கை கழுவுற இடம் சேறுதான், வாய்க்கால் மூடியில சோத்துப் பருக்கையும் வெத்தலையும் அடைச்சு தண்ணி நின்னுடும். அதுக்குதான் சாக்கு விரிப்போம், நனைஞ்சா மாத்துவோம், ஒரு ஆள் மாப்போட அங்கயே நிக்கணும். ஆள் இல்லேன்னா அந்த ஆளுக்கு கூலி மிச்சம் பிடிச்சிருக்காங்கன்னு அர்த்தம், வேற ஒண்ணுமில்ல.

நெல்லைக்கார அண்ணே, சிசிடிவி கேட்டீங்களா? எங்க பக்கம் பல மண்டபத்துல பத்து பதினஞ்சு நாள்ல மேலயே பதிஞ்சு அழிஞ்சிடும், அதனால இனி கிடைக்காது. ஆனா கல்யாண வீடியோக்காரன் பந்திய எடுக்காம விடமாட்டான். ஆல்பத்துக்கு வெட்டினதை இல்ல, வெட்டாத ஒரிஜினலை கேளுங்க.

நெல்லைக்காரன்

பந்தி மாஸ்டர் அண்ணே கோயில் கட்டணும் உங்களுக்கு. வீடியோ தம்பி ஹார்ட் டிஸ்க்ல இன்னும் வச்சிருக்கான். முதல் பந்தியில தொட்டிக்கு முன்னாடி ரெண்டு சாக்கு கிடக்குது. ரெண்டாவது பந்தியில சாக்கு ரெண்டும் பைப் மேல காயப்போட்டு தொங்குது, கீழ வெறும் தரை. அம்மா விழறது இல்ல, ஆனா அதுக்கு கொஞ்சம் முன்னாடி ஒரு பையன் சறுக்கி தூணைப் பிடிச்சுக்கறான், பக்கத்துல மண்டபத்து யூனிஃபார்ம் போட்ட ஒருத்தர் பாத்து சிரிக்கறாரு.

ஒரே பிரச்சனை அம்மாதான். "நல்ல காரியம் நடந்த இடம், புள்ள வாழ்க்கை அதுல ஆரம்பிச்சிருக்கு, சித்தப்பாவ கோர்ட்ல நிக்க வைக்காதே"ன்னு அழறாங்க. சித்தப்பாகிட்ட இன்னும் பேசல.

கறுப்புக்கோட்டு

தம்பி, சிரிக்கறாரே அவர்தான் உங்க கேஸ். வழுக்குதுன்னு தெரிஞ்சும் சும்மா நின்னாங்கன்னு இதைவிட எப்படி காட்டறது.

சித்தப்பா எதிர்க்கட்சி இல்லன்னு அம்மாகிட்ட சொல்லுங்க, வாடகை ரசீது அவர்கிட்ட இருக்கு, அது மட்டும் போதும் இப்போதைக்கு. முதல்ல வக்கீல் நோட்டீஸ் மட்டும் அனுப்புங்க, நோட்டீஸ்லயே பேசி முடிக்கறவங்க உண்டு. வீடியோவ வாட்ஸ்அப்ல யாருக்கும் அனுப்பாதீங்க, வெட்டாதீங்க, ஒரிஜினல் டிஸ்க் அந்த தம்பிகிட்டயே இருக்கட்டும், வீடியோ மாதிரி டிஜிட்டல் ஆதாரத்தை கோர்ட் ஏத்துக்க புது சாட்சியச் சட்டம் 63வது பிரிவு சர்டிபிகேட் வேணும், அதுல அவன் கையெழுத்து வேணும். அம்மா சம்பாதிக்கறாங்களா?

நெல்லைக்காரன்

வீட்ல ப்ளவுஸ் தைப்பாங்க சார். யாருக்கு எத்தனை, எவ்ளோ பாக்கின்னு ஒரு கோடு போட்ட நோட்டு இருக்கு, ஆபரேஷன் அன்னியோட அதுல எழுத்து நிக்குது.

கறுப்புக்கோட்டு

அந்த நோட்டை பத்திரமா வைங்க.