பெண்கள் மேட்ச், பேப்பர், டிவி: உங்க மனசுல நிக்கிற ஒண்ணு சொல்லுங்க

திருவல்லிக்கேணி மாடி

2024 ஜூன் 28, வெள்ளிக்கிழமை. சேப்பாக்கத்துல நம்ம பொண்ணுங்க தென்னாப்பிரிக்காவோட ஆடின டெஸ்ட். ஆபீசுக்கு மட்டம் போட்டுட்டுப் போயிருந்தேன். ஷெஃபாலி 194 பந்துல இரட்டைச் சதம், ஸ்மிருதி 149, முதல் விக்கெட்டுக்கே 292. சாயங்காலம் ஸ்கோர்போர்டுல 525/4. ஆம்பளைங்க டெஸ்டையும் சேர்த்துப் பார்த்தா ஒரே நாள்ல எந்த அணியும் அவ்வளவு எடுத்ததில்லை. இதெல்லாம் இங்க எல்லாருக்கும் தெரியும், விடுங்க.

மறுநாள் காலைல முடி வெட்டிக்கப் போனேன். அன்னைக்கு ராத்திரி பார்படோஸ்ல டி20 உலகக் கோப்பை ஃபைனல். பேப்பர்ல விளையாட்டுப் பக்கம் முழுக்க ரோஹித், கோலி, மழை வருமா வராதா. கீழ் மூலைல, ஒரு வேட்டி விளம்பரத்துக்கு மேல, நம்ம மேட்ச். கடைக்கார அண்ணன்கிட்ட விரல் வெச்சுக் காட்டினேன். கத்திரிக்கோலை நிறுத்திட்டு, "சேப்பாக்கத்துலயா? நேத்தா? ஏதோ ஸ்கூல் பசங்க ஆடுறாங்கன்னுல்ல நினைச்சேன்"ன்னார். அந்தக் கடை வாசல்ல நின்னா ஸ்டேடியத்து லைட் கம்பம் தெரியும். பேப்பரைப் பார்த்துட்டு, திரும்பி அந்தக் கம்பத்தைப் பார்த்தார். அவ்வளவுதான் சம்பவம். எனக்கென்னமோ இன்னும் போகமாட்டேங்குது.

ரெய்டர் அக்கா

நான் கபடி. 2004, மாவட்டப் போட்டி ஃபைனல். ஒரு பாயிண்ட் பின்னாடி இருக்கோம், கடைசி ரெய்டு என்னோடது. போனஸ் கோட்டைத் தாண்டிக் கால் வெச்சு, திரும்பும்போது கார்னர்ல நின்னவ தோளைத் தட்டிட்டு ஓடி வந்தேன். முழங்கை தோல் உரிஞ்சு ரத்தம். நிருபர் ஒருத்தர் வந்தார். பக்கத்துல ஜெயிச்ச பசங்ககிட்ட எந்த ரெய்டு, எத்தனை பாயிண்ட்னு கேட்டு எழுதிட்டு இருந்தவர், என்கிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணு: "கல்யாணத்துக்கு அப்புறமும் ஆடுவியாம்மா?"

மறுநாள் படம் வந்துச்சு. நடுவுல சிறப்பு விருந்தினர், அவர் பக்கத்துல நன்கொடையாளர், ரெண்டு பேருக்கும் நடுவுல என் பாதி முகமும் கட்டுப் போட்ட கையும். கீழே விருந்தினர் பேர், நன்கொடையாளர் பேர், பி.டி. சார் பேர். எங்க ஏழு பேருக்கும் சேர்த்து "மாணவிகள்". அப்பா அதை வெட்டி டைரில ஒட்டி, என் கைக்கு நேரா பேனால அம்புக்குறி போட்டு "நம்ம பாப்பா"ன்னு எழுதி வெச்சிருந்தார்.

கணக்குப்பிள்ளை

திருவல்லிக்கேணி ப்ரோ, உங்க வருத்தம் புரியுது. ஆனா அன்னைக்கு உலகக் கோப்பை ஃபைனல்! ஆம்பளைங்களே உள்ளூர்ல டெஸ்ட் ஆடியிருந்தாலும் மூலைக்குத்தான் போயிருக்கும். ஆள் பார்த்தா விளம்பரம் வரும், விளம்பரம் வந்தா பக்கம் கிடைக்கும். 2025 நவம்பர் 2, நவி மும்பைல பெண்கள் உலகக் கோப்பை ஃபைனல், எங்க தெருவுல நடு ராத்திரி வரைக்கும் யாரும் தூங்கலை. தீப்தி அஞ்சாவது விக்கெட் எடுத்தப்ப எங்க பாட்டி எழுந்து நின்னாங்க. மறுநாள் எல்லாப் பேப்பர்லயும் முதல் பக்கம். ஜெயிச்சா தானா வரும். சும்மா குறை சொல்லிட்டு இருக்கக் கூடாது.

சர்ச்கேட் லோக்கல்

தானா வருமா? கபில் தேவ் 1983 உலகக் கோப்பைல டன்பிரிட்ஜ் வெல்ஸ்ல எடுத்த 175க்கு வீடியோவே கிடையாது. நீங்களும் பார்க்கலை, நானும் பார்க்கலை. ஆனா 17க்கு 5 விக்கெட்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வோம். நாற்பது வருஷமா எழுதி எழுதி நம்மளைப் பார்க்க வெச்சிருக்காங்க. பெண்கள் உலகக் கோப்பை ஆரம்பிச்சது 1973, ஆம்பளைங்களுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி. இதை எத்தனை பேர் நமக்கு எழுதினாங்க?

என் கதை சின்னது. 2013ல மும்பைல வேலை. பெண்கள் உலகக் கோப்பை அங்கதான். வான்கடேல வெச்சிருந்த மேட்சை எல்லாம் வேற மைதானத்துக்கு மாத்திட்டாங்க, ஏன்னா அங்க ரஞ்சி ஃபைனல். உலகக் கோப்பையை உள்ளூர்ப் போட்டி எழுப்பி விட்டுடுச்சு! பிரபோர்ன் மைதானத்துல முதல் மேட்ச், மேற்கிந்தியத் தீவுகளோட. திருஷ் காமினி நூறு அடிச்சாங்க. சென்னைக்காரங்க. உலகக் கோப்பைல சதம் போட்ட முதல் இந்தியப் பெண். மறுநாள் கேன்டீன்ல நம்மூர்க்காரங்க நாலு பேர்கிட்ட குதிச்சுக்கிட்டுச் சொன்னேன். ஒருத்தன் சாம்பாரைப் பிசைஞ்சுக்கிட்டே "யார்றா அது, உன் கூடப் படிச்ச பொண்ணா?"ங்கிறான்.

கணக்குப்பிள்ளை

175க்கும் கோப்பை ஜெயிச்சதாலதான் மவுசு. நான் சொன்னதைத்தான் நீங்களும் சொல்றீங்க.

சர்ச்கேட் லோக்கல்

இல்லை. 2017 பெண்கள் உலகக் கோப்பை செமி ஃபைனல், டெர்பில ஆஸ்திரேலியாவை ஹர்மன்ப்ரீத் 115 பந்துல 171 நாட் அவுட்னு பிரிச்சு மேஞ்சாங்க. ஃபைனல்ல 9 ரன்ல தோத்தோம். தோத்த பிறகும்தான் அந்த 171 நின்னுச்சு. காரணம், அது டிவில வந்துச்சு.

ஓய்வு பெற்ற விசில்

வணக்கம். நான் முப்பது வருடம் உடற்கல்வி ஆசிரியர். என் பெண்கள் வாலிபால் அணி மண்டல அளவில் ஜெயித்த செய்தி ஒருமுறை கண்காட்சி விளம்பரத்துக்காக நீக்கப்பட்டது. அது இருக்கட்டும். ரெய்டர் தங்கச்சி, பேப்பரில் பேர் வர வழி இருக்கிறது, குறித்துக்கொள்ளவும். மேட்ச் முடிந்ததும் வீட்டுக்குப் போகக் கூடாது. மாலை ஆறு மணிக்குள் ஏரியா நிருபருக்கு ஸ்கோரை நீங்களே அனுப்ப வேண்டும், அவர் வருவார் என்று காத்திருக்கக் கூடாது. வீராங்கனைகள் பேரை இடமிருந்து வலமாக, இனிஷியலோடு, ஊரோடு எழுத வேண்டும். பரிசளிப்புப் படத்தோடு ஆட்டம் நடக்கும்போது எடுத்த படமும் போக வேண்டும். பரிசளிப்புப் படம் மட்டும் போனால் விருந்தினர்தான் தெரிவார். விருந்தினரை ஓரமாக நிற்க வைப்பது எப்படி என்று கேட்டால், கோப்பையைக் கேப்டன் கையில் முதலிலேயே கொடுத்து நடுவில் நிறுத்திவிட வேண்டும். பிறகு யாரும் நகர்த்த மாட்டார்கள். நிருபர் கல்யாணக் கேள்வி கேட்டால் கோபப்படாமல் ஸ்கோரைச் சொல்லவும். அவர் நோட்டில் எழுதும் வரை திரும்பச் சொல்லவும்.

திருவல்லிக்கேணி மாடி

சார், அனுபவம் கேட்டா பாடம் எடுக்குறீங்களே. ஆனா விருந்தினர் ஐடியா பிரமாதம்.

அக்கா, 2017ல ஒரு நிருபர், பிடிச்ச ஆண் கிரிக்கெட் வீரர் யாருன்னு அப்ப நம்ம பெண்கள் அணி கேப்டனா இருந்த மிதாலிகிட்ட கேட்டாரே, ஞாபகம் இருக்கா? இதே மாதிரி ஆம்பளைங்ககிட்ட பிடிச்ச வீராங்கனை யாருன்னு கேட்பீங்களான்னு திருப்பிக் கேட்டாங்க. நீங்க அன்னைக்கு அந்தக் கல்யாணக் கேள்விக்கு என்ன பதில் சொன்னீங்க?

ரெய்டர் அக்கா

விசில் சார், அது 2004. இப்ப யாருக்கு அனுப்புறது?

மாடி தம்பி, மிதாலி மாதிரியெல்லாம் வாய் வரலை. பதினேழு வயசு. சிரிச்சேன். அதையும் எழுதிக்கிட்டார். ஸ்கோர் 31-30.