புதுப்பிப்பு: மாருதி 800 கார்புரேட்டர், சோக்கைத் தள்ளினால் அணைவது சரியாகிவிட்டது

கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம்) உள்ள, வெகுநாள் நிறுத்தியிருந்த மாருதி 800, சோக்கை (குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்யக் காற்றைக் குறைக்கும் இழுப்பான்) இழுத்தால் ஸ்டார்ட் ஆகி, சோக்கை உள்ளே தள்ளியதும் அணைகிறது என்று கேட்டிருந்தேன். பதில் தந்த எல்லோருக்கும் நன்றி. ஐடில் ஜெட்டை (ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது பெட்ரோல் போகும் சிறு துளையுள்ள பாகம்) பார்க்கச் சொன்னவரின் கணிப்புதான் சரி.

முதலில் பழைய பெட்ரோலை வடித்து, ஃபில்டரை மாற்றினோம். ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால் துளையே தெரியவில்லை. பழுப்பு நிறப் பிசின் மூடியிருந்தது. கார்ப் கிளீனரில் ஊறவைத்துக் காற்றடித்ததும் திறந்துகொண்டது. கம்பி விட்டுக் குத்தவே கூடாது. பித்தளைத் துளை பெரிதானால் பெட்ரோல் அதிகம் போகும், புகை கறுக்கும்.

எதிர்பாராதது இனிமேல்தான். வண்டி அணையாமல் ஐடிலில் ஓடினாலும் ஆர்பிஎம் (இன்ஜின் சுழலும் வேகம்) ஏறி இறங்கியது. டிஸ்ட்ரிபியூட்டருக்கு (ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்து அனுப்பும் பாகம்) போகும் வேக்குவம் ஹோஸ் (இன்ஜினின் உறிஞ்சு விசையைக் கொண்டுபோகும் ரப்பர் குழாய்), மாட்டும் முனையில் மயிரிழை அளவு வெடித்திருந்தது. புது ஹோஸ் போட்டதும் சீரானது. ஹோஸைப் பார்க்காமல் மிக்சர் ஸ்க்ரூவில் (ஐடிலில் பெட்ரோல்-காற்றுக் கலவையைச் சரிசெய்யும் திருகு) கை வைக்காதீர்கள்.

1983-இல் வந்த முதல் வடிவமோ, 1986-இல் வந்த புது வடிவமோ, இரண்டிலும் அதே சுசூகி 796 சிசி மூன்று சிலிண்டர் எஃப்8பி இன்ஜின்தான். எம்பிஎஃப்ஐ (இன்ஜெக்டர் மூலம் பெட்ரோலைப் பீய்ச்சும் முறை) வண்டிக்கு இந்த வைத்தியம் பொருந்தாது; அதில் கார்புரேட்டரே கிடையாது.