வளவுக்குள் சுரங்கம்: 1984 வேலைநிறுத்த நாடகத்துக்கு யோசனை தேவை

காரைக்குடி_அரங்கு:
பிரிட்டன் நிலக்கரித் தொழிலாளர்களின் 1984–85 வேலைநிறுத்தத்தை 50 நிமிட நாடகமாகப் போடுகிறோம். நடிகர்கள் 8 பேர். பழைய வீட்டு வளவுதான் (நடு முற்றம்) களம், மேடை கிடையாது, தரை ஆத்தங்குடிக் கல். சுரங்கத்துக்குள் இறங்கும் கூண்டை எப்படிக் காட்டுவது? கரி பூசினால் தரை கெடுமா? கதையை நெய்வேலிக்கே மாற்றிவிடலாம் என்றும் சிலர் சொல்கிறார்கள்.

மூங்கில்கூத்து:
நெய்வேலிக்கு மாற்றாதீர்கள். அது திறந்தவெளிச் சுரங்கம், எடுப்பதும் பழுப்பு நிலக்கரி. கூண்டில் இறங்குகிற காட்சியே அங்கே பொய்யாகிவிடும்.

கூண்டுக்கு 7 அடி மூங்கில் நான்கு போதும். 4 அடி சதுரத்தில் ஐந்து பேர் நெருக்கி நிற்கட்டும், மூலையில் நிற்கும் நால்வர் ஆளுக்கொரு கம்பைப் பிடிக்கட்டும். வெளியே இருவர் டார்ச் ஒளியைக் கம்பின் அடியிலிருந்து உச்சிக்கு ஓட்ட வேண்டும், திரும்பத் திரும்ப. ஒளி ஏற ஏற, ஆட்கள் இறங்குவதாகத் தெரியும். முழங்கால் மடக்குவது ஐவருக்கும் ஒரே எண்ணிக்கையில் வர வேண்டும். ஒருவர் முந்தினாலும் கூண்டு கலைந்துவிடும், இதற்குத்தான் ஒத்திகை அதிகம் தேவை.

சுண்ணாம்புச்சுவர்:
கரித்தூளை எண்ணெயில் குழைத்துப் பூசவே பூசாதீர்கள். ஆத்தங்குடிக் கல் சிமெண்டில் செய்தது, எண்ணெய்க் கறை உள்ளே இறங்கினால் போகாது. சாய்ந்தால் வெள்ளைச் சுவரும் போச்சு. தண்ணீரில் கரையும் கறுப்பு மேக்கப்பை ஸ்பாஞ்சால் ஒற்றுங்கள், கண்ணோரம் விட்டுவிட்டு. உடையை முன்கூட்டியே கறுப்புச் சாயத்தில் முக்கிக் காயவைத்துவிடுங்கள். தரையில் தார்ப்பாய் மட்டும் விரித்தால் வழுக்கும், அடியில் ஈரச்சாக்கு வேண்டாம், காய்ந்த சாக்கு, மேலே ஜமக்காளம். கரிக்கட்டிக்குப் பிய்த்த மெத்தை ஸ்பாஞ்சும் கறுப்புப் பெயிண்டும் போதும். செங்கல் துண்டு வேண்டாம், எறியும் காட்சியில் ஆளைக் காயப்படுத்தும்.

இரண்டாம்கட்டு:
ஆர்கிரீவில் தொழிலாளர்களும் போலீஸும் மோதியதை (1984 ஜூன் 18) நடுவில் வைத்து அடிதடியாக்கிவிடாதீர்கள். குதிரைப் போலீஸுக்கு, பட்டாலையில் (வளவை ஒட்டிய கூடம்) மறைவாக நின்று சிரட்டையைக் கல்லில் தட்டினாலே போதும். நாடகத்தின் உயிர் பசியில் இருக்கிறது. சங்கத்திலிருந்து வேலைநிறுத்தப் படி கிடையாது, பெண்கள் பொதுச் சமையல் நடத்தித்தான் ஒரு வருஷம் தாக்குப்பிடித்தார்கள். வீட்டின் இரண்டாம் கட்டில் ஒரு அண்டா வையுங்கள். முதல் மாதம் கரண்டி முங்கும், குளிர்காலத்தில் அடியைச் சுரண்டும். அந்தச் சத்தம் வளவு முழுக்கக் கேட்கும்.

இங்கிலாந்தின் நாட்டிங்கம்ஷயர் பகுதித் தொழிலாளர்களில் பெரும்பாலோர் வேலைநிறுத்தத்தில் சேராமல் வேலைக்குப் போனார்கள், தேசிய அளவில் வாக்கெடுப்பு நடத்தாததுதான் அவர்கள் சொன்ன காரணம். அவர்களை வில்லனாக்க வேண்டாம், எதிர்வாதம் பேச ஒரு முழுக் காட்சி கொடுங்கள்.

காரைக்குடி_அரங்கு:
மிக்க நன்றி. வசனம் எதிரொலிக்கிறதே, மைக் வைக்கலாமா? முடிவுக்கு ஊர்வலம் வைத்திருக்கிறோம்.

இரண்டாம்கட்டு:
மைக் எதிரொலியை இன்னும் கூட்டும். பார்வையாளர்களுக்குப் பின்னால் தூண்களுக்கிடையே கனத்த ஜமக்காளம் தொங்கவிடுங்கள், வாக்கியத்துக்கு வாக்கியம் ஒரு மூச்சு இடைவெளி. 1985 மார்ச்சில் உடன்பாடு இல்லாமலேதான் வேலைக்குத் திரும்பினார்கள், பல ஊர்களில் கொடியோடும் பேண்டோடும். ஊர்வலம் சரி, ஆனால் நாதஸ்வரம் வேண்டாம், கல்யாணக் களை வந்துவிடும். ஒற்றை ட்ரம்பெட் போதும். பிரிட்டனின் கடைசி ஆழ் நிலக்கரிச் சுரங்கமான கெல்லிங்லி 2015 டிசம்பரில் மூடப்பட்டது. அந்த வரியைச் சொல்லி, நான்கு மூங்கிலையும் ஒவ்வொன்றாகத் தரையில் கிடத்துங்கள்.