கனடாக் குடியுரிமை எடுத்தால் இலங்கையன் இல்லையோ?

வெள்ளவத்தை வாசி:
ஸ்காபரோவில இருக்கிற தம்பி குடியுரிமைக்குப் போடப்போறான். எடுத்த கையோட இலங்கைக் குடியுரிமை போயிடுமெண்டு சொல்லினம். உண்மையோ? சோதனை கஷ்டமோ?

கொட்டாஞ்சேனை:
கனடாவுக்குப் பிரச்சினையில்லை. 1977இலிருந்து இரட்டைக் குடியுரிமையை விடுகினம். இழப்பு எங்கட சட்டத்தாலதான். கனடாப் பிரமாணம் எடுக்க முன்னமே பத்தரமுல்லையில இருக்கிற குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்துக்கு, இலங்கைக் குடியுரிமையைத் தக்கவைக்கிற விண்ணப்பம் போடவேணும். பிந்தினால் மீளப்பெறுகிற விண்ணப்பம்தான். இரட்டைக் குடியுரிமை எடுத்தாலும் இலங்கைப் பாராளுமன்றத்துக்குப் போட்டியிட ஏலாது.

பம்பலப்பிட்டி அக்கா:
சோதனை 20 கேள்வி, 15 சரியெண்டால் சித்தி. 18 முதல் 54 வயதானவைக்குத்தான். ஹொக்கியும் மேப்பிள் இலையும்தான் கேப்பினமெண்டு நினைச்சுப் போகவேண்டாம். கனடா நாடு உருவான 1867 கூட்டமைப்பு, வாக்குரிமை, பழங்குடியினர் உடன்படிக்கைகள் எல்லாம் வரும். ஆனால் ஆக்கள் சறுக்கிறது நாள் கணக்கிலதான். கடைசி 5 வருசத்தில 1,095 நாள் அங்க இருந்திருக்கவேணும். கலியாணத்துக்கெண்டு கொழும்பில நிண்ட ஆறு கிழமை கழியும். நிரந்தர வதிவிடத்துக்கு முந்தின சட்டபூர்வமான ஒவ்வொரு நாளும் அரை நாளாகக் கணக்கில வரும், ஆகக் கூடினது 365 நாள். கடவுச்சீட்டு முத்திரையோட ஒப்பிட்டு, கொஞ்சம் மிச்சம் வைச்சுப் போடச்சொல்லுங்கோ.

வெள்ளவத்தை வாசி:
நன்றி அக்கா. அப்ப அவன் ஆர், கனடியனோ தமிழனோ?

கொட்டாஞ்சேனை:
இரண்டும். அங்கத்தைய குடிசனக் கணக்கெடுப்பில ஒண்டுக்கு மேற்பட்ட பூர்வீகம் எழுதலாம்.