கோடை முழுவதும் மோட்டார் அறையில் இருக்கும் தேரை காய்ந்து போகாதா?

கொறங்காட்டுக்காரர்:
காங்கேயம் பக்கம் எங்கள் தோட்டத்து மோட்டார் அறையில், ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பின்னால் ஒரு தேரை மாசியிலிருந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. கைகால்களை உடலுக்கடியில் மடக்கி, சுண்ணாம்புச் சுவரின் நிறத்திலேயே பகலெல்லாம் அசையாமல் இருக்கிறது. சித்திரை பிறந்தும் மழை இல்லை. தவளைக்குத் தோல் ஈரமாகவே இருக்க வேண்டும் என்று படித்தோமே, இது எப்படித் தாங்குகிறது? தண்ணீர் தெளிக்கலாமா?

நொய்யல்கரை:
நம் வீடுகளில் காணும் தேரை பெரும்பாலும் பாலிபிடேட்டஸ் மாகுலேட்டஸ் என்னும் மரத்தவளைதான். கைகாலை மடக்கி வயிற்றைச் சுவரோடு அழுத்திக்கொள்வதால், காற்றுப்படும் தோலின் பரப்பு குறைந்து, ஈரம் ஆவியாவதும் குறைகிறது. இதன் தோல் கொழுப்புப் பொருள் கலந்த ஒரு கசிவைச் சுரக்கிறது. அதைத் தேரை தன் கால்களாலேயே உடம்பெங்கும் தேய்த்துப் பூசிக்கொள்வதை 1997இல் ஆய்வாளர்கள் விவரித்திருக்கிறார்கள். அது வாயால் நீர் குடிப்பதில்லை. ஈரமான இடத்தில் உட்கார்ந்து, அடிவயிற்றுத் தோலால் உறிஞ்சிக்கொள்கிறது. சிறுநீர்ப்பையில் தேங்கிய நீரையும் தேவைப்படும்போது உடல் திரும்ப எடுத்துக்கொள்ளும். (தேங்காய் ஒல்லியானால் ‘தேரை மோந்தது’ என்று பழி போடுவது மட்டும் அநியாயம்.)

ஆனைமலையான்:
தென் அமெரிக்காவின் வறண்ட சாக்கோ பகுதியில் வாழும் பிலோமெடுசா சவாகி என்ற மரத்தவளை மெழுகையே பூசிக்கொள்கிறது. கழிவையும் யூரிக் அமிலமாக வெளியேற்றி நீரை மிச்சப்படுத்துகிறது. ஆஸ்திரேலியப் பச்சை மரத்தவளை, குளிர்ந்த இரவில் வெளியே இருந்துவிட்டு வெதுவெதுப்பான மரப்பொந்துக்குள் திரும்பும்போது, குளிர்ந்த சொம்பின் மேல் நீர் முத்துவதைப் போல அதன் தோலில் நீர் படிகிறது. நம் தேரைக்கு அத்தனை கெட்டியான மெழுகுக் காப்பு இல்லை. நிழலும் குளிர்ச்சியும் தேடி அது குளியலறைக்கும் மோட்டார் அறைக்கும் வருவதற்கு அதுவே காரணம் என்பது என் எண்ணம்.

நொய்யல்கரை:
தண்ணீர் தெளித்து அதைக் கலைக்க வேண்டாம். மூலையில் ஓர் அகலச் சட்டியில் சிறிது நீர் வைத்தால் போதும். உரமோ மருந்தோ பட்ட கையால் தொடாதீர்கள், அதன் தோல் எல்லாவற்றையும் உறிஞ்சும். ஐப்பசி மழையில் தொட்டிச் சுவரில் நுரைக்கட்டி தெரிந்தால் கழுவிவிடாதீர்கள். பின்னங்கால்களால் கடைந்து எழுப்பிய அந்த நுரையின் மேல்பகுதி காய்ந்தாலும், உள்ளே முட்டைகள் ஈரமாகவே இருக்கும். தலைப்பிரட்டைகள் பிறகு கீழே நீரில் விழும்.

கொறங்காட்டுக்காரர்:
நேற்று இரவு டார்ச் அடித்துப் பார்த்தேன். கேட்வால்வு சொட்டும் இடத்தில், ஈரச் சாக்கின் மேல் வயிற்றைப் பதித்துக் கால்களைப் பரப்பி உட்கார்ந்திருந்தது. வாங்கி வைத்த வாஷரை மழை வந்த பிறகு மாற்றிக்கொள்கிறேன்.