பொருள்: ‘வெதரிங்’ – வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் தேவை

(உவர்மலை, திருகோணமலை)
அன்பர்களுக்கு வணக்கம். விடுமுறை வகுப்பில் பிள்ளைகளோடு இரண்டாம் உலகப் போர்க் கால ஷேர்மன் தாங்கி என்ற போர் வண்டியின் பழைய மாதிரி ஒன்றைப் பூட்டுகிறேன். தமியா என்ற யப்பானிய நிறுவனத்தின் 1/35 அளவுப் பெட்டி. அண்ணனுடைய அலுமாரியில் பல காலம் கிடந்தது. ஒட்டுப்படத் தாள் மஞ்சளித்திருந்தது. யன்னல் கண்ணாடியில் ஒட்டி வெயில் காட்டியதும் வெளுத்துவிட்டது. செய்முறைத் தாள் வெள்ளியன்று அச்சுக்குப் போக வேண்டும். வர்ணம் பூசிய பின் துருவும் புழுதியும் கீறலும் ஏற்றுகிறோமே, ஆங்கிலத்தில் ‘வெதரிங்’ என்பார்கள், அதற்குத்தான் தமிழில் சொல் இல்லை. புவியியல் பாடத்தில் பாறைகளுக்கு வரும் ‘வானிலையாலழிதல்’ என்றேன். “ரீச்சர், இவ்வளவு கஷ்டப்பட்டுப் பூட்டியதை அழிக்கப்போகிறோமா?” என்று ஒரு பிள்ளை கேட்டாள்.

(யாழ்ப்பாணம்)
பிள்ளை கேட்டது இலக்கணக் கேள்வி. ‘செயற்கைப் பொருளை ஆக்கமொடு கூறல்’ என்கிறது தொல்காப்பியம். பாறை தானே அழிகிறது. தாங்கியில் அதைச் செய்வது உங்கள் கை. ஆகவே பிறவினை வேண்டும். மூத்தல் தன்வினை, மூப்பித்தல் பிறவினை. மூ, முது, முதிர், முற்று என்று ஓடும் வேர் இது. முதிரை மரத்தின் பெயரும் இதில் கிளைத்ததே என்பது என் துணிபு. கொட்டியாரக் குடாவுக்கு அக்கரையில் மூதூரை வைத்துக்கொண்டு வேறு வேர் தேடுவானேன்?

(சென்னை)
ஐயா, ஷேர்மன் உற்பத்தியே 1942இல்தான் தொடங்கியது. 1944இல் நோர்மண்டியில் இறங்கிய எந்த ஷேர்மனுக்கும் மூன்று வயது நிரம்பவில்லை. அதன்மேல் சேறு இருந்தது, மூப்பு இல்லை. ‘தாங்கி’யும் இங்கே விளங்காது, டாங்கி என்றே எழுதலாம்.

(மட்டக்களப்பு)
தாங்கி இருக்கட்டும். 1915இல் பிரித்தானியர் இரகசியம் காக்கத் தண்ணீர்த் தொட்டி என்று சொல்லிவைத்த பெயர்தானே அது! ‘டாங்க்’ என்ற அதே ஆங்கிலச் சொல்லால்தான் கந்தளாய்க் குளத்தையும் சீனன்குடா எண்ணெய்க் குதங்களையும் அழைத்தார்கள். நம்மிடம் மூன்றுக்கும் மூன்று சொல் உண்டு.
கேட்ட சொல்லுக்கு வருகிறேன்: பாவனையேற்றல். பயன்படுத்தியதைப் பாவித்த சைக்கிள், பாவித்த உடுப்பு என்கிறோம். பாவனைக்குப் போலச் செய்தல் என்ற பொருளும் உண்டு. இந்த வேலையில் இரண்டும் இருக்கின்றன.

(யாழ்ப்பாணம்)
பாவனை வடசொல். மூப்பு வேண்டாமென்றால் ‘புழக்கமேற்றல்’ என்றாவது எழுதுங்கள். பிள்ளைகளுக்குக் கொடுக்கும் முதற் சொல்லே இரவலாக வேண்டுமா?

(சென்னை)
இங்கே பாவனை என்றால் நடிப்பு மட்டும்தான். ஆனாலும் பாதிப் பொருள் கிடைக்கிறது, எனக்குச் சம்மதம்.

(உவர்மலை)
இன்று பின்னேரம் நடந்ததைச் சொல்கிறேன். தூரிகையைச் சாம்பல் வர்ணத்தில் தொட்டு, கடதாசியில் அநேகமாகக் காயும்வரை துடைத்து, மேடான விளிம்புகளில் மட்டும் உரசச் சொன்னேன். பிறகு நீர்க்கக் கரைத்த மண்ணிற வர்ணத்தில் ஒரு சொட்டை ஆணித் தலையருகே வைத்தோம். அது தானாகவே ஓடி, தலையைச் சுற்றி ஒரு வளையமாக நின்றது. எல்லோரும் மூச்சடக்கிப் பார்த்தார்கள். “இப்போதுதான் பாவித்த தாங்கி மாதிரி இருக்கிறது” என்றாள், அன்று கேள்வி கேட்ட அதே பிள்ளை. நான் அந்தச் சொல்லை வகுப்பில் உச்சரித்திருக்கவில்லை. தாளில் ‘பாவனையேற்றல்’ என்று போட்டுவிட்டேன். ஐயா மன்னிக்க வேண்டும்.

(யாழ்ப்பாணம்)
மன்னிக்க எதுவும் இல்லை. அச்சிடுங்கள். நான் மூப்பித்தல் என்றே எழுதுவேன். அடுத்த பதிப்பில் அடைப்புக்குள்ளாவது அதற்கு ஓர் இடம் கொடுங்கள்.